வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரியை மாற்றுவதற்கு முன் வீட்டிலேயே அளந்து பாருங்கள்

சாவியைத் திருப்புகிறீர்கள், "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். பிள்ளை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கு மேல் எட்டிப் பார்த்து "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்கிறார். நானும் அப்படித்தான் மாற்றினேன். 14 மாதத்துக்குள் இரண்டு முறை.

எங்கள் வீடு கடலூரில், கடலுக்கு நடந்து போகிற தூரம். வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் காரும் ஒரு 110 சிசி ஸ்கூட்டரும் இருக்கின்றன. இரண்டாவது புதுப் பேட்டரி போட்ட பிறகும் கார் அதே மாதிரி மக்கர் செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பத்தரை மணிக்குள் பழுது தெரிந்துவிட்டது, பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது என்ன என்பதைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். அன்றைக்கு நான் புரிந்துகொண்ட விஷயம் இதுதான்: வண்டி சும்மா நிற்கும்போது மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றி எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றும்போது, விளக்கு எரியும்போது, அதாவது வேலை வாங்கும்போது அளக்க வேண்டும்.

கீழே சொல்வது 12 வோல்ட் பேட்டரி உள்ள பெட்ரோல் பைக், ஸ்கூட்டர், காருக்குப் பொருந்தும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்காதீர்கள், அதில் ஓடுவது உயிரை எடுக்கும் வோல்ட்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். 300, 400 ரூபாய்க்குக் கிடைப்பதே போதும், டி.சி. வோல்ட், ஓம்ஸ், 10 ஆம்பியர் மூன்றும் அதில் இருக்கும். 8, 10, 12 நம்பர் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், ஆப்பசோடா, கொஞ்சம் வாசலின். ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து நீங்களே செய்துகொள்ளலாம்.

அப்புறம் கையில் இருக்கக் கூடாதது: மோதிரம், வளையல், உலோக வாட்ச். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு தங்க மோதிரம் மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும், அதனால் பக்கத்தில் தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம். ஆசிட் கண்ணில் தெறித்தால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள். டெர்மினலைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறினால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்ட உடனே ஷார்ட்.

முதலில் காதைக் கொடுங்கள்

மீட்டரை எடுப்பதற்கு முன்பே வண்டி பாதி விஷயத்தைச் சத்தத்தில் சொல்லிவிடும். சாவி போட்டதும் டாஷ்போர்டு விளக்கே வரவில்லை என்றால் மெயின் பியூஸ், கழன்ற டெர்மினல், இக்னிஷன் சுவிட்ச், இல்லையென்றால் அடியோடு இறங்கிய பேட்டரி. விளக்கு வருகிறது, செல்ஃப் அமுக்கினால் "டகடகடக" என்று தொடர்ந்து அடிக்கிறது என்றால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது வழியில் எங்கேயோ இணைப்பு சரியில்லை. ஒரே ஒரு கனமான "டக்" மட்டும் என்றால் ரிலே (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஸ்டார்ட்டர் மோட்டார், தடித்த ஒயர் பக்கம் பாருங்கள். சத்தமே இல்லை, ஆனால் ஹாரன் கணீரென்று அடிக்கிறது என்றால் சுவிட்ச் ஏதோ தடுக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு நேரே ஸ்பார்க் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்ப்பது காரில் நல்ல சோதனை. வெளிச்சம் அப்படியே மங்கி அணைவது போல் ஆனால் பேட்டரியோ அதன் முனை இணைப்போ சரியில்லை. வெளிச்சம் கொஞ்சமும் குறையவே இல்லை என்றால் மின்சாரம் ஸ்டார்ட்டர் வரைக்கும் போகவே இல்லை.

பேட்டரியை அளப்பது

வண்டி ஓட்டிவிட்டு வந்த உடனே அளந்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் சாவி போடுவதற்கு முன் அளப்பதுதான் சரி. மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள், சிவப்பு முள் (மீட்டர் ஒயரின் கூர்நுனி) பாசிட்டிவில், கறுப்பு நெகட்டிவில். 12.6 முதல் 12.8 வரை காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு செல்லும் 2.1 வோல்ட் தருவது என்பதால் கணக்கு அப்படியே வரும். அதை எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காது.

பேட்டரி 12.2-க்குக் கீழே இருந்தால் மற்ற சோதனைகளுக்குப் போகாதீர்கள், முதலில் சார்ஜ் போடுங்கள். இறங்கிய பேட்டரியோடு செய்யும் எந்தச் சோதனையும் தப்பான பதில்தான் தரும்.

சார்ஜ் போடுவதற்கு எளிய கணக்கு, பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு. ஸ்கூட்டரின் 4 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர், காரின் 45-க்கு 4.5 ஆம்பியர். கார் சார்ஜரை ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டினால் அது கொதித்து உப்பிவிடும், இதைக் கடைகளிலேயே செய்வதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து விடாதீர்கள். மூடி திறக்கும் பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவும் கூடாது, வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது, குறைவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மூடியே இல்லாத சீல் பேட்டரியை நெம்பித் திறக்க வேண்டாம்.

சரி, 12.6 காட்டுகிறது. இதோடு முடியவில்லை. முள்ளை எடுக்காமல் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், ஒரு முறைக்கு ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். எண் 10-க்கு மேலேயே நின்றால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. 9.6-க்குக் கீழே போய் 8, 7 என்று விழுந்தால், சார்ஜ் முழுதாக இருந்தும் இப்படி விழுகிறது என்றால், பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் பேட்டரிக்கு மூன்று நான்கு வருடம் என்பதே நல்ல ஆயுள். வெயில்தான் அதை உள்ளுக்குள் அரிக்கிறது. குளிர்நாட்டில் பேட்டரி குளிர்காலக் காலையில் படுத்துவிடும் என்பார்கள், இங்கே சித்திரை வெயில் செய்த சேதம் ஐப்பசி மழையில் வெளியே தெரியும்.

மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது, அதுதான் என் காருக்கு இருந்தது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 11.8 அப்படியே நிற்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் முக்கி முனகுகிறது. பேட்டரி கொடுக்கத் தயார், வழியில் யாரோ மறிக்கிறார்கள்.

வழியில் எங்கே மறிக்கிறது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பேட்டரியைக் குறை சொல்லி மாற்றிவிட்டு, பிறகு ஸ்டார்ட்டரையும் மாற்றிப் பணத்தை இழப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்தான்.

மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் குழாய்க்குள் உப்பு படிந்து அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூடி வைத்திருக்கும்வரை எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும், திறந்தால்தான் நூல் மாதிரி ஒழுகும். ஒயரும் அப்படியே. சின்னக் காரின் ஸ்டார்ட்டர் 100 முதல் 150 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் வீணாகிவிடும். அந்த 0.01 ஓமை நம் மீட்டரின் ஓம்ஸ் அளவில் பார்க்கவே முடியாது, சுழியம் என்றுதான் காட்டும். அதனால்தான் ஓடவிட்டு அளக்க வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கழற்றிய டெர்மினல் மேல் ஊற்றிப் பிரஷால் தேயுங்கள், சோடா நுரைத்துக்கொண்டு பொடியைத் தின்றுவிடும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. காய்ந்த பிறகு முனையையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் ஈயம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டிவிட்டு, மேலே வாசலின் தடவுங்கள். மாட்டுவதற்கு முன் தடவ வேண்டாம். கையால் அசைத்தால் கிளாம்ப் ஆடவே கூடாது.

இப்போது மீட்டர். டி.சி. வோல்ட்டில்தான். ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில், கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே அழுத்துங்கள். மற்ற முள்ளை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில் வையுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து பாசிட்டிவ் முனையிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாரில் தடித்த ஒயர் ஏறும் போல்ட் வரைக்கும் அதே மாதிரி. இங்கே 0.5 வரை விடலாம். அதற்கு மேல் போனால் துண்டு துண்டாக அளந்துகொண்டே வாருங்கள்: முனையிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து ஒயரின் அடுத்த முனை, அங்கிருந்து பாடி, பாடியிலிருந்து இன்ஜின். எந்தத் துண்டில் வோல்ட் தொலைகிறதோ பழுது அங்கேதான் இருக்கிறது, ஊகிக்கவே வேண்டாம்.

என் காரில் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கு 0.05. நல்லது. பாடியிலிருந்து இன்ஜினுக்கு 1.8. மீட்டரில் தப்பாக வைத்துவிட்டேனோ என்று மூன்று முறை அளந்தேன். பேட்டரி டிரேக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை இருக்கிறதே, செம்புக் கம்பிகளைச் சடை மாதிரி பின்னிய பட்டை, அது கிணற்றுச் சுவர்ப் பாசி போலப் பச்சை பூத்திருந்தது. விரலால் தொட்டதும் பாதிக் கம்பிகள் பொடிந்து உதிர்ந்தன. கடற்காற்றில் பத்து வருடம். மிச்சமிருந்த நான்கைந்து இழை வழியாகத்தான் இன்ஜினைச் சுற்றும் மின்சாரம் அவ்வளவும் போக முயன்றிருக்கிறது. புதுப் பட்டையின் விலை ஒரு பேட்டரியின் விலையில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. மாட்டி அளந்தேன், 0.08. வாங்கிய நாளில் எடுத்த மாதிரி செல்ஃப் எடுத்தது. கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்த முதல் பேட்டரியை நினைத்து இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அது நல்ல பேட்டரி.

பைக், ஸ்கூட்டரில் இதே வேலையை ஸ்டார்ட்டர் ரிலேயில் செய்யலாம். ரிலேயில் இரண்டு தடித்த போல்ட் இருக்கும், இரண்டிலும் ஆளுக்கொரு முள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் பக்கம் காட்டும். செல்ஃப் பட்டனை அமுக்கி "டக்" என்ற சத்தம் வந்ததும் எண் 0.3-க்குக் கீழே விழ வேண்டும். சத்தம் வந்தும் 12 அப்படியே நின்றால் ரிலேக்குள் இருக்கும் தகடு கருகிவிட்டது, ரிலேயை மட்டும் மாற்றினால் போதும்.

சத்தமே வரவில்லை என்றால்

பேட்டரி நன்றாக இருக்கிறது, ரிலே பேசவே மாட்டேன் என்கிறது. பைக்கில் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சைப் பாருங்கள், சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பிரேக் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று சுவரில் விழும் வெளிச்சத்தை வைத்துப் பாருங்கள். எரியவில்லை என்றால், பல்பு நன்றாக இருக்கும்பட்சத்தில், குற்றம் பிரேக் சுவிட்சில். இன்னொரு லீவரைப் பிடித்து முயன்றால் எடுத்துவிடும். என் மனைவியின் ஸ்கூட்டர் இரண்டு வாரம் கிக்கரில் ஓடிக்கொண்டிருந்ததற்கு ஒரு சின்னச் சுவிட்ச்தான் காரணம்.

காரில் கிளட்சை முழுதாக மிதிக்காமல் பல மாடல்கள் செல்ஃப் எடுக்காது, கால்விரிப்பு பெடலுக்கு அடியில் ஒதுங்கியிருந்தால் முழுதாக மிதிபடாது. ஆட்டோமேட்டிக் என்றால் லீவரை நியூட்ரலில் வைத்து முயலுங்கள். டாஷ்போர்டில் சாவி படம் வேகமாக மின்னினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை, இன்னொரு சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் காரில் ரிமோட்டுக்குள் இருக்கும் காசு மாதிரி பேட்டரி தீர்ந்திருக்கலாம், பல மாடல்களில் ரிமோட்டையே பட்டனோடு ஒட்டி அமுக்கினால் அப்போதைக்கு எடுத்துக்கொள்ளும்.

பியூஸைக் கழற்றாமலே சோதிக்கலாம். அதன் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், சாவியைப் போட்டு இரண்டிலும் தனித்தனியாக வோல்ட் பாருங்கள், ஒன்றில் 12 மற்றதில் இல்லை என்றால் போய்விட்டது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதே நிறத்தை மாட்டுங்கள். மறுபடி போனால் எங்கேயோ ஒயர் உரசுகிறது, எலி கடித்திருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைச் சுற்றி மாட்டுவது, ஒரு இழைக் கம்பி போடுவது எல்லாம் ஒயரிங்கையே தீப்பற்ற வைக்கும் வேலை. வண்டி எரிந்த செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

சாவியை மெல்ல ஆட்டினால் டாஷ்போர்டு விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் வண்டிச் சாவியோடு கொத்தாகத் தொங்கவிட்டால் சீக்கிரம் இப்படி ஆகும்.

சார்ஜ் ஏறுகிறதா

இன்ஜினை ஓடவிட்டுப் பேட்டரி முனையில் அளக்கவும். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.8 முதல் 14.5-க்குள் நிற்க வேண்டும். காரில் ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டும் 13.5-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. புது மாடல் கார் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு முறை குறைவாகக் காட்டியதும் முடிவு கட்டாமல் விளக்கைப் போட்டு மறுபடி பாருங்கள். 13-க்குக் கீழேயே கிடந்தால் காரில் பெல்ட்டும் ஆல்டர்னேட்டரும், பைக்கில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயிலும் அதை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையரும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும், பல்புகள் அடிக்கடி பியூஸ் ஆகும், உடனே கவனிக்க வேண்டும்.

பைக்கில் மேக்னெட் காயிலிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர் வந்தால் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டிரண்டாக ஓம்ஸ் பாருங்கள், மூன்று ஜோடியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மிகச் சிறிய எண் வர வேண்டும். எந்த ஒயருக்கும் பாடிக்கும் தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால் காயில் எரிந்திருக்கிறது. காயில் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் ரெக்டிஃபையர், அதன் சாக்கெட்டில் பிளாஸ்டிக் பழுத்து உருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு விஷயம், ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றி "நின்னா டைனமோ போச்சு, ஓடினா நல்லா இருக்கு" என்று சோதிப்பது பழைய பட்டறைப் பழக்கம். அம்பாசிடர் காலத்து வண்டிக்கு அது சரி. இ.சி.யு. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்ட் எகிறி, பல ஆயிரம் ரூபாய் பெட்டியைக் காலி செய்துவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக இறங்குகிறதா

பேட்டரி புதிது, சார்ஜும் ஏறுகிறது, ஆனால் மூன்று நாள் நிறுத்தினால் செத்துவிடுகிறது. எதுவோ ஒன்று திருட்டுத்தனமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. சாவியை எடுத்து, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து (சிவப்பு முள்ளின் சாக்கெட்டையும் மாற்ற வேண்டும்) முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் மாட்டுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும், ஞாபகம் இருக்கட்டும். காரில் கம்ப்யூட்டர்கள் தூங்குவதற்கு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. பைக்கில் அதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

45 ஆம்பியர் அவர் பேட்டரியை 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் 150 மணி நேரத்தில், அதாவது ஆறு நாளில் காலி, மூன்றாம் நாளே பாதி இறங்கி செல்ஃப் திணறும். இப்போது பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றியதும் எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைன்தான். பெரும்பாலும் பிற்பாடு வெளியே மாட்டிய சாமான்களாக இருக்கும்: ஜி.பி.எஸ்., மியூசிக் சிஸ்டம், அலாரம், டேஷ் கேமரா. டிக்கி விளக்கு அணையாமல் இருப்பதையும் பாருங்கள், செல்போனில் வீடியோ போட்டு உள்ளே வைத்து மூடினால் தெரிந்துவிடும்.

ஸ்பார்க் பக்கம்

செல்ஃப் ஜம்மென்று சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை விதி) வண்டி என்றால் அநேகமாக ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். சாவி போட்டதும் டேங்க் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடி "விர்ர்ர்" என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஸ்பார்க்கைத் தேடாமல் பம்ப் பியூஸ், ரிலே, சாக்கெட் பாருங்கள். இந்த வண்டிகளில் பேட்டரி அடியோடு செத்துவிட்டால் கிக்கர் உதைத்தும் பயன் இல்லாமல் போகலாம், பம்ப்பும் இ.சி.யு.வும் விழிக்கவே மின்சாரம் வேண்டும்.

பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் நன்றாக எரிகிறது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஸ்பார்க் பலவீனம். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் இல்லை. வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் இருந்தால் சூடு அதிகம். இடைவெளி பைக்கில் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர், காரில் 1 மில்லிமீட்டர் பக்கம், உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருப்பதே இறுதி.

ஸ்பார்க் பார்ப்பதை நிதானமாகச் செய்யுங்கள். வேறொரு பிளக்கைப் பிளக் ஒயரின் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை இன்ஜின் மேல் நன்றாகப் படியவைத்து, குரோக்கடைல் கிளிப் ஒயரால் எர்த் கொடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். பழைய பிளக் அதன் துளையிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கையில் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள், அது பல ஆயிரம் வோல்ட். எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டு அடித்தாலும் இக்னிஷன் காயிலுக்கோ, ஸ்பார்க் நேரத்தை நடத்தும் சி.டி.ஐ. பெட்டிக்கோ கேடு. நீலமாகச் சடசடவென்று விழுந்தால் நல்லது, மஞ்சளாக மெலிந்து விழுந்தால் போதாது.

ஸ்பார்க் இல்லை என்றால் வரிசை இது: முதலில் புது பிளக். அடுத்து பிளக் கேப், கழற்றி ஓம்ஸ் பார்த்தால் பெரும்பாலும் 5,000 ஓம் பக்கம் இருக்கும், முடிவில்லாமல் காட்டினால் மாற்றுங்கள். கேப்பைத் திருகிக் கழற்றி ஒயர் நுனியை அரை செ.மீ. வெட்டிவிட்டு மாட்டினாலே சில வண்டிகள் உயிர்த்துவிடும், நுனி கருகியிருக்கும். பிறகு காயில். கடைசியில் பல்சர் காயில் (இன்ஜின் சுற்றும் நிலையைச் சொல்லும் சென்சார்), சி.டி.ஐ. கையில் சரியான மாற்று இல்லாமல் சி.டி.ஐ.யைக் குறை சொல்லாதீர்கள், அதன் சாக்கெட் பச்சை பூத்திருப்பதுதான் அடிக்கடி நடப்பது.

மழையில் மட்டும் இன்ஜின் மிஸ் ஆகிறதா? ராத்திரி வெளிச்சம் இல்லாத இடத்தில் வண்டியை ஓடவிட்டு, காயில் ஒயர் மேல் ஸ்ப்ரேயரால் கொஞ்சம் தண்ணீர் தூவி, கை வைக்காமல் தள்ளி நின்று பாருங்கள். விரிசல் இருந்தால் ஒயரிலிருந்து இன்ஜினுக்கு நீல நூல் மாதிரி மின்னுவது கண்ணுக்கே தெரியும். என் தம்பியின் பைக்கில் இதைப் பார்த்தபோது அரை மணி நேரம் எடுக்க வேண்டிய சோதனை அரை நிமிடத்தில் முடிந்தது.

வண்டி சூடானதும் நின்று, அரை மணி ஆறவிட்டால் எதுவுமே நடக்காதது போல் ஓடுகிறது என்றால் பல்சர் காயில், காரில் கிராங்க் சென்சார், இல்லையென்றால் இக்னிஷன் காயில். ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும், நின்ற இடத்திலேயே, சூட்டோடு ஸ்பார்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

காரில் பிளக்குக்குப் பிளக் தனிக் காயில் இருந்தால் ஸ்பார்க் அடித்துப் பார்க்கவே வேண்டாம். மலிவான ப்ளூடூத் ஸ்கேனரை ஓ.பி.டி. சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டர் பழுதுக் குறியீட்டைச் சொல்லும் இடம்) மாட்டுங்கள். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது. இன்ஜினை நிறுத்தி, இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி, பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில்தான் பழுது, பழுது அதோடு நகர்ந்துவிட்டது. மறுபடி பி0302 என்றால் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் சாக்கெட் எதையும் தொடாதீர்கள், அது ஏர்பேக்.

ஜம்ப் ஸ்டார்ட்

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கடன் வாங்கும் முறை இது. சிவப்பு ஒயர் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், அது பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது. கழற்றும்போது அப்படியே தலைகீழ். காரிலிருந்து பைக்குக்குக் கொடுத்தால் கார் இன்ஜின் ஓடக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ கொடுக்கவே கூடாது. ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, கியர் பைக்கையும் மேனுவல் காரையும்தான் முடியும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

இத்தனையும் அளந்த பிறகு பேட்டரிதான் என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். அதே ஆம்பியர் அவர், அதே பக்கத்தில் பாசிட்டிவ், தயாரித்த மாதம் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே வோல்ட் அளக்கச் சொல்லுங்கள், 12.4-க்குக் கீழே இருப்பது அலமாரியில் பல மாதம் கிடந்தது. வாரண்டி அட்டையில் தேதியும் சீலும் போட்டு வாங்குங்கள். மாட்டியதும் டிரேயில் பேட்டரி ஆடாமல் பிடிக்கும் கிளாம்பை மறக்காமல் இறுக்குங்கள், மெக்கானிக்குகள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஆடுகிற பேட்டரியின் தகடுகள் உள்ளே உதிர்ந்துபோகும். இன்ஜினை ஓடவிட்டு 14 வோல்ட் பக்கம் ஏறுகிறதா என்று கடை வாசலிலேயே பாருங்கள், ஏறவில்லை என்றால் புதுப் பேட்டரியும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும்.

ஒரு வெள்ளை டேப்பில் தேதி, காலை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட், ஓடும்போது வோல்ட் என்று நான்கையும் எழுதிப் பேட்டரி மேலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து கீழே அடுத்த வரி. என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இப்படி ஏழு வரி ஆகிவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது காட்டிய எண் 10.9-லிருந்து 10.2-க்கு வந்திருக்கிறது, அதனால் ஐப்பசி மழை தொடங்கும் முன்பே புதிதுக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டேன்.